அன்செல்மோ முட்டாள் அல்ல

"உன்மேல புகார் இருக்கு. நன்னடத்தைச் சான்று கிடையாது," என்று ஊர்மன்றத் தலைவி பெர்பெத்துவா ஸ்டாம்பு பேடை மூடினார்.

எதிரே நின்றவன் பிலிமோன், சவாரி வண்டி ஓட்டுபவன். திங்கட்கிழமை மணிலாவில் கப்பல் ஏற வேண்டும். சமையல் உதவி வேலை. நான்கு வருடம் நாயாய் அலைந்து பிடித்தது. ஊர்மன்றச் சான்று இல்லாவிட்டால் ஏஜென்ட் அவன் கோப்பைத் தொடவே மாட்டான்.

"என்ன புகார்?"

"அன்செல்மோவை முட்டாள்னு சொன்னியாமே."

சொன்னான்தான். பக்கத்து வீட்டு அன்செல்மோ தன் பன்றியைக் கொண்டுவந்து இவன் சவாரி வண்டியின் சக்கரத்தில் கட்டினார். இவன் அவிழ்த்துவிட்டான். மறுநாளும் கட்டினார். நான்காம் நாள், "முட்டாளாய்யா நீ?" என்று கேட்டுவிட்டான்.

அன்செல்மோ கோபப்படவில்லை. "இன்னொரு தடவை சொல்லு," என்றார். சொன்னான். பன்றியைத் தவிர வேறு சாட்சி இல்லை.

தலைவி இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தார்.

"மன்னிச்சிருங்கண்ணே."

"இந்த ரூமுக்குள்ள மன்னிப்புக் கேட்டா ஆச்சா? ஊருக்கே தெரிஞ்சுபோச்சே."

"பன்னிக்கு மட்டுந்தானே தெரியும்!"

"பாத்தீங்களா தலைவரம்மா, இப்பப் பன்னியோட சேத்துப் பேசுறான்."

மறுநாள் காலை, புயல் எச்சரிக்கை சொல்லும் ஒலிபெருக்கியில் பிலிமோன் அறிவித்தான்: "அன்செல்மோ அண்ணன் முட்டாள் இல்லை. மன்னிக்கணும்."

புயல்தான் வருகிறது என்று அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றிவிட்டு வெளியே வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"யாருடி அது அன்செல்மோ?"

"யாரோ முட்டாளாம்."

"இல்லைன்னுதானே சொல்றான்?"

"இல்லாட்டி எதுக்கு மைக் வச்சுச் சொல்றான்?"

ஒருவனை முட்டாள் என்று திட்டினால் அன்றோடு போயிற்று. முட்டாள் இல்லை என்று சொன்னால்தான் ஊர் யோசிக்க ஆரம்பிக்கிறது.

மதியமே அன்செல்மோ மறுபடி ஊர்மன்றத்தில் நின்றார். "நேத்துவரைக்கும் ஒருத்தன்தான் சொன்னான். இன்னைக்கு ஊரே சொல்லுது. பேனர் வைக்கணும்."

அந்த ஊரில் நர்ஸ் பரீட்சை பாஸானாலும் பேனர், புதுப் பாதிரியார் வந்தாலும் பேனர். அதனால் தலைவிக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. நெனித்தாவின் அச்சுக்கடையில் பேனர் தயாரானது. வெள்ளைச் சட்டையில் அன்செல்மோ எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். கீழே, 'அன்செல்மோ முட்டாள் அல்ல. இப்படிக்கு, பிலிமோன்.' ஜீப்னி வேன்கள் ஆளேற்ற நிற்கும் முக்கில் கட்டினார்கள்.

சாயங்காலத்துக்குள் டிரைவர்கள் அந்த நிறுத்தத்தின் பெயரையே மாற்றிவிட்டார்கள். "முட்டாள் அல்ல எல்லாம் இறங்கு!" என்று கத்தினார்கள். யாரும் உடனே இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பிலிமோன் கிட்டத்தட்ட அழுதான். "இன்னும் என்னதான்ணே பண்ணணும்?"

"பேனர் மழைக்குக் கிழிஞ்சுபோகும்," என்றார் அன்செல்மோ நிதானமாக. "எழுத்துல வேணும். தலைவரம்மா கையெழுத்தும் முத்திரையும் இருக்கணும். அப்பத்தான் புகாரை வாபஸ் வாங்குவேன்."

"நான் எப்படிய்யா அதுக்குச் சான்று குடுப்பேன்?" என்றார் தலைவி.

"அப்ப நான் முட்டாள்ங்கிறீங்களா?"

பெர்பெத்துவா பல்லைக் கடித்துக்கொண்டு தட்டச்சு செய்தார். 'அன்செல்மோ முட்டாள் அல்ல என இந்த ஊர்மன்றம் இதனால் சான்றளிக்கிறது.' முத்திரையை ஓங்கிக் குத்தினார். அதே வேகத்தில் பிலிமோனின் சான்றிலும் ஒரு குத்து. "ரெண்டு பேரும் போய்த் தொலைங்க!"

பிலிமோன் சான்றை நகலெடுக்க நெனித்தாவின் கடைக்கு ஓடினான். உள்ளே மை காயாத பேனர் ஒன்று தொங்கியது. அதே படம், மூன்று மடங்கு பெரிதாக. 'ஊர்மன்றத் தலைவர் பதவிக்கு அன்செல்மோ! முட்டாள் அல்ல என்று இப்போதைய தலைவியே முத்திரையிட்டவர்!'

பிலிமோன் அதை இரண்டு தடவை படித்தான். ஒரு வாரத்துக்கு முன் இந்த ஆளின் பெயர் பக்கத்துத் தெருவுக்குக்கூடத் தெரியாது.

"வாய்தவறி நான் திட்டினதை வச்சுத் தேர்தல்லயே நிக்கிறாரா மனுஷன்? அதிர்ஷ்டக்காரர்தான்!"

நெனித்தா நகலை மை படாமல் உறையில் போட்டுக்கொடுத்தாள்.

"படத்தையும் வாசகத்தையும் போன மாசமே குடுத்துட்டாரு தம்பி. பன்னியைக் கட்டத் தோதா ஒரு ஆளைத்தான் தேடிக்கிட்டிருந்தாரு."