எண்ணெய் விலை இறங்க ஒரு சேவல்

சித்திரபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் ரிக்கில் இருக்கும் அன்பு மகன் அருண்பாண்டிக்கு, சித்திரபுரம் எஸ்டேட் லயத்து வீட்டிலிருந்து உன் அப்பா பெரியமுத்து ஆசியுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் மருமகள் கற்பகமும் உன் மகளும் அம்மன் புண்ணியத்தில் சுகம். அங்கே உன் சுகத்துக்கு வேண்டுகிறேன். நீ நிற்கிற ரிக்கின் சுகத்துக்கும் வேண்டுகிறேன் என்று எழுதச் சொல்லி உன் அம்மா முத்துப்பேச்சி எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அதையும் எழுதிவிட்டேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உன் முகம் வந்ததும் அப்படியே நின்றுவிடுகிறது, வாய் திறந்தபடி. உன் அம்மா அந்த வாயைப் பார்த்து "புள்ளைக்குப் பசிக்குதுபோல" என்று அழத் தொடங்கிவிடுகிறாள், அதற்குமேல் யார் என்ன பேசுவது? அடிமாலி ரிஜின் லீவு முடிந்து உன் ரிக்குக்குத் திரும்புகிறான். அவன் சமையல் ஆள், அவனுக்கு லீவு உண்டு. துளை போடுகிற உனக்குத்தான் இல்லை. எலுமிச்சை ஊறுகாயோடு இதையும் அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் என்னவென்றால், நான் செய்த காரியத்துக்கு மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும் என்று வீட்டில் உத்தரவு. ஓணத்துக்கு வருவேன் என்றாய். எண்ணெய் விலை ஏறிவிட்டது, கம்பெனி இன்னும் கிணறு போடச் சொல்கிறது, விடமாட்டேன் என்கிறார்கள் என்றாய். கிறிஸ்துமஸுக்கு என்றாய், அப்போதும் அதே பதில். "வெல எறங்குனா அவங்களே வீட்டுக்கு அனுப்பிருவாங்கப்பா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய் பார், அது என் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதுவரை பேப்பரில் செத்தவர்கள் படம் போடும் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கிற நான், வியாபாரப் பக்கத்தை முதலில் விரிக்க ஆரம்பித்தேன். அரபு நாட்டில் சண்டை என்று போட்டிருந்தால் குடித்துக்கொண்டிருக்கிற டீயைப் பாதியில் வைத்துவிடுவேன், விலை ஏறிவிடுமே என்று. சமாதானம் என்று போட்டிருந்தால் கற்பகத்திடம் இன்னொரு டீ கேட்பேன். ஆனால் காலமெல்லாம் தேயிலை ஃபாக்டரி அடுப்புக்கு விறகு தள்ளியவன் உலகத்து எண்ணெய் விலையைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது? அம்மனிடம் சொன்னேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். திருவிழாக் கமிட்டி மேசைக்குப் போய், எண்ணெய் விலை இறங்கினால் சேவல் விடுகிறேன் என்று காதோடு காதாக எழுதிக்கொள்ளச் சொன்னேன். யார் என்ன நேர்ந்தாலும் அதை மைக்கில் படிப்பது நம் கோயில் வழக்கம் என்பது அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. "அழகுத்தாய் குடும்பத்தார், யானை லயத்துக்குள் வராமலிருக்க, ஒரு படி பச்சரிசி" என்று படித்தார்கள். நான் எழுந்து ஓடுவதற்குள், "பெரியமுத்து குடும்பத்தார், உலகச் சந்தையில் எண்ணெய் விலை இறங்க, ஒரு சேவல்" என்று படித்துவிட்டார்கள். உலகச் சந்தை என்று நான் சொல்லவே இல்லை, மைக் பிடித்தவன் சொந்தமாகச் சேர்த்தது. பள்ளிவாசல் எஸ்டேட் வரைக்கும் கேட்டிருக்கிறது.

மறுநாள் காலையில் ஜீப் ஓட்டும் செல்லத்துரை, சங்கத்து ஆட்களோடு வாசலில் வந்து நிற்கிறான், கையில் துண்டு. "மாமா, எங்க வயித்துல பால வாத்தீக! டீசல் வெலையில ஜீப்ப விக்கலாமான்னு பாத்துக்கிட்டு இருக்கோம், எங்கள்ல ஒருத்தனுக்காச்சும் அம்மங்கிட்ட கேக்கணும்னு தோணுச்சா?" என்று துண்டைப் போர்த்திவிட்டான். ஜங்ஷனில் ஃப்ளெக்ஸ் வேறு வைத்துவிட்டார்கள், நான் ரிட்டயர் ஆன அன்று எடுத்த, கண்ணை மூடியிருக்கிற அந்தப் படத்தைப் போட்டு. என் மகனுக்கு வேலை போகட்டும் என்றுதான் வேண்டினேன் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வேன்? அவர்கள் சங்கக் கூட்டத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அதோடு முடிந்ததா? கரண்ட் ஆபீஸ் குவார்ட்டர்ஸில் இருக்கும் ஜோமோள் டீச்சர் வந்தார். போன மழையில் நம் மேட்டில் மண் சரிந்து பாதை போனதிலிருந்து அவர் ஒரு பசுமைக் கூட்டம் நடத்துகிறார். "பெரியமுத்துச் சேட்டா, கடலுக்கு அடியில கிடக்குறது அங்கயே கிடக்கட்டும். அதை எடுத்து எரிச்சு எரிச்சுத்தான் மழை இப்பிடிப் பெய்யுது" என்றார். நீ ஒருமுறை ரிக்கிலிருந்து வேண்டாத காஸை எரிக்கிற தீயைப் படம் பிடித்து அனுப்பினாயே, அதைக் காட்டினேன். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். உன் அம்மா அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், "இம்புட்டுத் தீயில ஊருக்கே பொங்கல் வைக்கலாமே" என்பாள், அப்புறம் "பக்கத்துல நின்னா எம்புள்ள கருத்துருவானே" என்பாள். எண்ணெய் எடுப்பதையே நிறுத்திவிட்டால் உன்னை வைத்துக்கொண்டு கம்பெனி என்ன செய்யும்? அதனால் டீச்சர் கூட்டத்துக்கும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு கூட்டமும் ஒரே நாள், ஒரே ஜங்ஷன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஜீப்காரர்கள் பந்தல், டீசல் விலையைக் குறை. அந்தப் பக்கம் டீச்சர் பந்தல், டீசலே வேண்டாம். இங்கே மாலையைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கிவிட்டு, மாலையோடேயே ரோட்டைத் தாண்டி அங்கே போய்க் கையைத் தூக்கினேன். டூரிஸ்டுகள் வண்டியை நிறுத்தி என்னைப் படம் எடுத்தார்கள். மறுபடி இந்தப் பக்கம் வரும்போது நடு ரோட்டில் செல்லத்துரை மைக்கோடு மறித்துக்கொண்டான். "நில்லுங்க மாமா. நீங்க எங்க பக்கமா, டீச்சர் பக்கமா? சொல்லிட்டுப் போங்க" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் எம்மகன் பக்கம்யா. வெல எறங்குனாலும் சரி, எண்ணெயவே எடுக்காம விட்டாலும் சரி, எனக்கு எம்புள்ள வீட்டுக்கு வரணும். அம்புட்டுதான்" என்று சொல்லிவிட்டேன். மைக்கில் சொல்லிவிட்டேன். செல்லத்துரை மைக்கை அணைத்துவிட்டு என்னை ஜீப்பில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விட்டான்.

வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே மைக் வந்து சேர்ந்திருந்தது. "எம்புள்ள சோத்துல மண்ணப் போடவா சேவல் நேந்தீக?" என்று உன் அம்மா. கற்பகம் சத்தம் போடவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "மாமா, நம்ம கட்டுற வீடு செவரோட நிக்குது. நான் கொழுந்து பறிக்கிற வரைக்குந்தான் நமக்கு இந்த லயம். அவுக வேல போச்சுன்னா கூரைய யாரு போடுவா?" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து சொல்லச் சொன்னது இதுதான்: நீ லீவு கேட்காதே. வராதே. கூரை போட்ட பிறகு வந்தால் போதும். இங்கே யாரும் உன்னைத் தேடவில்லை.

உன் அம்மா அடுப்பைப் பார்க்க எழுந்து போயிருக்கிறாள், அதற்குள் இதை எழுதிவிடுகிறேன். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. நீ போகும்போது குப்புற விழக்கூடத் தெரியாத உன் மகள் இப்போது என் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். உன் நடைதான். பின்னாலிருந்து பார்த்தால், விரட்டிப் பிடிக்க எனக்கு மனம் வருவதில்லை, இன்னும் கொஞ்ச தூரம் ஓடட்டும் என்று நிற்கிறேன்.

உன் அம்மா வந்துவிட்டாள். ஆகவே நீ வேலையைக் கவனி. அம்மன் உனக்கு நீண்ட ஆயுளும், கம்பெனிக்கு வற்றாத கிணறும், எண்ணெய்க்கு நல்ல விலையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
வேண்டுதலை வாபஸ் வாங்கிய உன் அப்பா,
பெரியமுத்து.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டி வைத்தபின் மறுபடி பிரித்து எழுதுகிறேன். இன்றைக்குப் பேப்பரில் எண்ணெய் விலை இறங்கிவிட்டது. பெட்ரோல் பங்கில் ஒரு பைசா குறையவில்லை என்று செல்லத்துரை அங்கே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான், அது வேறு கதை. வாபஸ் வாங்கினாலும் நேர்ந்தது நேர்ந்ததுதானே என்று, வீட்டில் சொல்லாமல் ஒரு சேவலை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். அங்கே எனக்கு முன்னால் உன் அம்மா நிற்கிறாள், முந்தானைக்குள் ஏதோ படபடக்கிறது. அவளுக்கும் முன்னால் கற்பகம், கொழுந்துக் கூடையோடு. கூடை கூவியது. "என்ன இது, ஒரே வீட்ல இருந்து மூணு சேவலா? பொம்பளைக ரெண்டு பேரும் இதே வேண்டுதல மைக்குல படிக்க வேணாம்னு சத்தியம் வாங்கிக்கிட்டுல்ல நேந்தாக!" என்று பூசாரி போட்டு உடைத்துவிட்டார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. திரும்பி வரும் வழியில்தான் கற்பகம் பேசினாள். "கூரைய அவுக வந்தே போடட்டும் மாமா. அதுவரைக்கும் தார்ப்பாய் கட்டிக்கிடலாம்."

மேலே வராதே என்று எழுதியிருப்பதைப் படிக்காதே. வா.