கறுப்புக் கண்ணாடிக்குள் பல் டாக்டர்

கார்க் கண்ணாடியை யாரோ படபடவென்று தட்டினார்கள். பல் டாக்டர் கண்ணைத் திறந்தார். முன்னால் சிக்னல் பச்சையாக இருந்தது. பின்னால் வரிசையாக நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்து அவரைத் திட்டிக்கொண்டிருந்தன.

கண்ணாடியை இறக்கினார். போக்குவரத்துப் போலீஸ்காரர் குனிந்து உள்ளே பார்த்தார்.

"உள்ள ஆள் இருக்கா இல்லையான்னே தெரியலையே சார். என்ன இது, இவ்வளவு கறுப்பா?"

"வெயிலுக்காக ஃபிலிம் ஒட்டினேன்."

"பச்சை விழுந்து, சிவப்பாகி, மறுபடி பச்சையும் விழுந்தாச்சு. என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"யோசிச்சிட்டிருந்தேன்."

"நல்லா யோசிங்க, வேண்டாங்கல. ஆனா யோசிக்கிற முகம் வெளியில தெரியணும். அதுதான் சட்டம்." அபராதச் சீட்டைக் கிழித்து நீட்டினார். "நாளைக்கு இந்தக் கறுப்பு இருக்கக் கூடாது."

டாக்டர் சொன்னது பொய். வெயிலுக்கும் அந்த ஃபிலிமுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் ஒளிந்துகொண்டது அக்கம்பக்கத்தாரிடமிருந்து.

அவருடைய கிளினிக் ஊரின் மறுகோடியில் இருந்தது. கொஞ்ச நாளாக, காலையில் காரை வெளியே எடுத்தால் போதும், வாசலில் யாராவது ஒருவர் நிற்பார். ஒரு நாள் மாடிவீட்டு இன்ஷூரன்ஸ்காரர், ஒரு நாள் எதிர்வீட்டுப் பாட்டு டீச்சர், இன்னொரு நாள் பூச்சிமருந்து அடிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கும் மூலைவீட்டுக்காரர். "அந்தப் பக்கம்தான் டாக்டர் போறேன்" என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

உட்கார்ந்தால் சும்மா வரவேண்டாமா? பேச்சு, பேச்சு, ஓயாத பேச்சு. டாக்டருக்கோ, நாள் முழுக்க வாயைத் திறந்து வைத்துக்கொண்டு "ஆ" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்ல முடியாத மனிதர்களோடு பழகிய காது. அந்தக் காதுக்குள் இன்ஷூரன்ஸ்காரர், "நாளைக்கே நீங்க போய்ச் சேர்ந்துட்டீங்கன்னு வையுங்க டாக்டர்" என்று ஆரம்பிப்பார். பாட்டு டீச்சர் ஒரு வரி பாடிவிட்டு, "எங்கே, நீங்க பாடுங்க" என்பார். பாடாவிட்டால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு காத்திருப்பார். பூச்சிமருந்துக்காரர் இன்னும் மோசம். கேள்வி கேட்பார்.

"கரப்பான்பூச்சிக்குத் தலையை வெட்டிட்டா உடனே சாகுமா, சாகாதா? சொல்லுங்க டாக்டர்!"

'முடியாது' என்ற சொல் டாக்டரின் வாயில் வராது. மனைவியிடம் புலம்பிப் பார்த்தார்.

"போற வழிதானே, பாவம். ஏத்திட்டுப் போங்களேன். கார் என்ன தேய்ஞ்சா போயிடும்?" என்றார் அவர், கீரையை ஆய்ந்துகொண்டே.

அதனால்தான் அவருக்கும் சொல்லாமல் ஃபிலிம் ஒட்டியது. அன்று காலை முதல் முறையாக, கையை ஆட்டிக்கொண்டு நின்ற இன்ஷூரன்ஸ்காரரைக் காணாதவர்போல் கடந்து போனார். உள்ளே இருப்பது யாரென்றே தெரியாதபோது யாரிடம் கோபித்துக்கொள்வது? அப்படியொரு அமைதியை அவர் அனுபவித்துப் பல நாளாகியிருந்தது. அந்த அமைதியில்தான் போலீஸ்காரர் வந்து தட்டியது.

சாயங்காலம் மனைவி அபராதச் சீட்டைப் பார்த்துவிட்டார்.

"எங்கே பிடிச்சாங்க?"

"சிக்னல்ல. யோசிச்சிட்டு நின்னேன், வந்து தட்டிட்டான்."

மனைவியின் முகம் சுருங்கிப் போனது. "ஏங்க உங்களுக்கு இந்த வேலை? முதல்ல அந்த ஃபிலிமைக் கிழிச்சுப் போடுங்க."

டாக்டர் கிழிக்கவில்லை. ஃபிலிம் கடைக்காரனிடம் போய் முறையிட்டார். அவன் கறுப்பை உரித்துவிட்டு வேறொன்றை ஒட்டினான். "இது சாம்பல் கலர் சார். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. கேட்டா என் பேரைச் சொல்லுங்க."

மறுநாள் பாட்டு டீச்சர் காருக்குக் குறுக்கே நின்று கை நீட்டினார். டாக்டர் ரிவர்ஸ் கியரைப் போட்டு, சந்து வழியாகப் பின்னாலேயே போய், அடுத்த தெருவில் வெளியே வந்தார். சிக்னல் சிவப்பு. என்ன அமைதி!

தட் தட் தட்.

"மறுபடியும் யோசனையா?" அதே போலீஸ்காரர். கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தார். "என் மூக்குதான் தெரியுது. உங்க மூக்கு தெரியலையே!"

"கடைக்காரர் பேரைச் சொல்லச் சொன்னாரு."

"சொல்லுங்க. அவருக்கும் ஒண்ணு எழுதுவோம்."

சீட்டு எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு டாக்ஸி வந்து நின்றது. பாட்டு டீச்சர் அதிலிருந்து இறங்கி, டிரைவருக்குப் பணம் கொடுத்து, மூச்சிரைக்க ஓடிவந்து டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நல்லவேளை, பிடிச்சிட்டேன்" என்றார். "எங்கே விட்டோம்? இரண்டாவது வரி. பாடுங்க."

ஓசியில் போவதற்காக டாக்ஸிக்குக் காசு கொடுத்து வருகிற பெண்மணியை டாக்டர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அபராதச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டே பாடினார்.

அன்று கிளினிக்கில் அவருக்கு ஓர் அபார யோசனை தோன்றியது. தன் லெட்டர்ஹெட்டை எடுத்து, 'இவருக்கு வெளிச்சம் ஆகாது. கறுப்புக் கண்ணாடிக்குள் இருப்பது உடல்நலத்துக்கு அவசியம்' என்று எழுதி, முத்திரை குத்தினார். அந்தத் தைரியத்தில் பழையபடி கறுப்பு ஃபிலிமையே ஒட்டிக்கொண்டார்.

அடுத்த நாள் காலை யாரையும் ஏற்றாமல் தப்பி வந்தார். அதே சிக்னல், அதே அமைதி, அதே தட்டல். இந்தத் தடவை முன்பக்கமாகவும் ஒரு சத்தம் கேட்டது. கார் தானாக மெல்ல உருண்டு, போலீஸ்காரர் நிறுத்தி வைத்திருந்த மோட்டார் சைக்கிளை முத்தமிட்டிருந்தது.

போலீஸ்காரர் கையை நீட்டினார். டாக்டர் சான்றிதழைக் கொடுத்தார்.

"நோயாளி யாரு?"

"நான்தான்."

"கையெழுத்துப் போட்டிருக்கிற டாக்டர்?"

"அதுவும் நான்தான்."

"பல் டாக்டர்னு போட்டிருக்கு. வெளிச்சம் பல்லுக்கு ஆகாதா, கண்ணுக்கு ஆகாதா?"

போலீஸ்காரர் சாவியை உருவிக்கொண்டார். "இப்பவே, இங்கேயே உரிக்கிறீங்க. இல்லேன்னா வண்டியும் லைசென்ஸும் என்கூட ஸ்டேஷனுக்கு வரும்."

ரோட்டோரத்தில் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு டாக்டர் உரிக்கத் தொடங்கினார். ஃபிலிம் வந்தது, பசை வரவில்லை. பையிலிருந்து பல்லில் படிந்த காரையைச் சுரண்டும் கருவியை எடுத்துச் சுரண்டினார். போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவரிடம் போன வாரம் பல் பிடுங்கிக்கொண்ட ஒருவர் பேருந்து ஜன்னலிலிருந்து கும்பிட்டார். டாக்டருக்கு அழுகை வரும்போல் இருந்தது.

"நகருங்க டாக்டர்" என்று ஒரு குரல். பூச்சிமருந்துக்காரர்! எங்கிருந்தோ ஓடிவந்திருந்தார், சட்டை முழுக்க வியர்வை. கைப்பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, கண்ணாடியில் அடித்து, துணியால் தேய்த்தார். பசை கரைந்து ஓடியது. அவர் ஒருவரே எல்லாக் கண்ணாடியையும் துடைத்தார். துடைத்துக்கொண்டே கறையானின் குடும்ப வாழ்க்கையைப் பற்றிப் போலீஸ்காரருக்கும் சொன்னார். போலீஸ்காரர் அவசரமாகச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பளிச்சென்ற கண்ணாடிகளோடு கார் கிளம்பியது. கிளினிக் வரும்வரை பூச்சிமருந்துக்காரர் வாயை மூடவில்லை. காரை நிறுத்தியதும் டாக்டருக்குள் இத்தனை நாள் அடைத்துக் கிடந்தது உடைந்தது.

"நீங்க செஞ்ச உதவிக்கு ரொம்ப நன்றி. ஆனா ஒண்ணு சொல்லணும், தப்பா எடுத்துக்காதீங்க. நாளையிலருந்து யாரும் என் வண்டியில ஏற வேண்டாம். எனக்குக் கொஞ்சம் நிம்மதி வேணும். ஆபீஸ் போக உங்களுக்கெல்லாம் பஸ் இல்லையா?"

பூச்சிமருந்துக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. தலையை ஆட்டிவிட்டு, கைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து, எதிர்ப்பக்க நிறுத்தத்தில் போய் நின்றார்.

டாக்டர் குழம்பிப்போய் இங்கிருந்தே கத்தினார். "அங்கே ஏன் நிக்கிறீங்க? அது நம்ம வீட்டுப் பக்கம் போற பஸ் ஆச்சே!"

"ஆமா டாக்டர், என் கம்பெனி நம்ம வீட்டுக்குப் பின் தெருவுலதானே இருக்கு; தனியா விட்டா நீங்க ஸ்டியரிங்லயே தூங்கிடுறீங்கன்னு, ஆள் மாத்தி ஆள் பேசிக்கிட்டே கூடப் போகச் சொல்லி எங்க மூணு பேரையும் அனுப்புறது உங்க வீட்டம்மாதான்!"