மேல்மாடிக்கு மட்டும் மூடி போட்ட ஸ்பிரிங்க்ளர்

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் ஒரே தம்பியும் உங்கள் கட்டடத்தின் ஒரே மேனேஜருமாகிய நான் எழுதிக்கொள்வது. அக்காவும் பிள்ளைகளும் சுகம்தானே? நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள். உங்களுக்கும் இந்தக் கட்டடத்துக்கும் நடுவில் ஒரு கடலே இருக்கிறது.

போன கடிதத்தில், "ஒரு வாடகைக்காரர் காலி பண்ணினாலும் நீ சாவியைக் குடுத்துட்டுக் கிளம்பலாம்" என்று அன்பொழுக எழுதியிருந்தீர்கள். ஒருவர் இல்லை அத்தான், மூன்று பேருமே மூட்டை கட்டத் தயாராக நிற்கிறார்கள். காரணம் வாடகையும் இல்லை, எலியும் இல்லை. கூரையில் இருக்கிற ஸ்பிரிங்க்ளர்.

நெருப்புப் பிடித்தால் தண்ணீர் தெளிக்கத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள் என்று நானும் வெகுளியாக நம்பியிருந்தேன். கையில் காசு சேரும்போதெல்லாம் நீங்கள் ஒரு மாடி எழுப்பியதில், கீழ்த்தளத்தில் உங்கள் அப்பா காலத்து, வரிசையாகத் துளை போட்ட ஓட்டைக் குழாய்; யாராவது ஓடிப்போய் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் சக்கரத்தைத் திருகினால், நெருப்பு எந்த மூலையில் இருந்தாலும் தளம் முழுக்க மழை பெய்யும். முதல் மாடியில், சிவப்புத் திரவம் அடைத்த கண்ணாடிக் குப்பியோடு தொங்கும் ரகம். சூடேறினால் குப்பி உடைந்து தண்ணீர் தானே கொட்டும். இரண்டாம் மாடியில் அதையும் கூரைக்குள் ஒளித்து, வெள்ளை மூடி போட்டு மறைத்த புத்தம்புது ரகம். மூன்று தலைமுறை ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் என்ன நடக்குமோ, அது நடந்தது.

தொடங்கிவைத்தவர் இரண்டாம் மாடிப் பல் டாக்டர். லிஃப்டில் முதல் மாடி ஆடிட்டரைப் பார்த்து, "உங்க ஆபீஸ்ல இன்னும் அந்தத் தொங்குற மாடல்தானா?" என்று துக்கம் விசாரிப்பதுபோலக் கேட்டிருக்கிறார். ஆடிட்டர் நேரே தன் ஆபீசுக்குப் பக்கத்திலேயே இருக்கும் என் அறைக்கு வந்து, "நானும் அதே வாடகைதானே குடுக்கறேன், எனக்கு மட்டும் ஏன் மூடி இல்ல?" என்றார். இது கீழ்த்தளத்துத் தையல்காரர் காதுக்குப் போனது. அந்த மனிதர் இத்தனை வருடமாக ஓட்டைக் குழாயில் கோட்டுகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். அது தண்ணீர்க் குழாய் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. "அவங்களுக்கெல்லாம் நவீனம், எனக்கு மட்டும் தோட்டத்துக் குழாயா?" என்று கண்கலங்கினார்.

உங்களுக்குச் சொன்னேன். "சமாளி" என்று ஒரே வார்த்தையில் பதில் அனுப்பினீர்கள். எவ்வளவு விரிவான வழிகாட்டுதல். நானும் சமாளித்தேன். தச்சரைக் கூப்பிட்டு, கிண்ணம் மாதிரி மர மூடிகள் கடையச்சொல்லி, வெள்ளை பெயின்ட் அடித்து, முதல் மாடியில் ஒரு குப்பி விடாமல் மறைத்துப் பசைபோட்டு ஒட்டவைத்தேன். தையல்காரருக்குக் குழாயே போகாத இடத்தில் நாலு மூடி ஒட்டிக்கொடுத்தேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. ஆடிட்டர் அண்ணாந்து பார்த்தபடியே நடந்து கதவில் இடித்துக்கொண்டார். டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை.

இந்த நேரம் பார்த்துத் தீயணைப்பு அதிகாரி சோதனைக்கு வந்து சேர்ந்தார்.

"என்னய்யா இது?"

"மூடி சார். மேல்மாடியில இருக்கற மாதிரியே."

"மேல இருக்கறது சூடு பட்டா தானா கழண்டு விழும். அதுக்குன்னே உருகற ஈயத்துல பிடிச்சிருக்காங்க. உன் மூடி விழாது. அதுக்குப் பதிலா ஆளுங்க விழுவாங்க."

அன்றைக்கே அத்தனையையும் பிடுங்கவைத்தார். கீழ்த்தளக் குழாயை மாற்றச் சொல்லி உத்தரவும் போட்டார். மூடியை ஒருமுறை அனுபவித்தவர்களுக்கு இனி அது இல்லாமல் முடியாதாம். மூன்று தளத்துக்கும் புது ரகம் போடாவிட்டால் காலி செய்வோம் என்கிறார்கள் ஆடிட்டரும் தையல்காரரும். மூன்று தளத்துக்கும் போட்டால் நான் காலி செய்வேன் என்கிறார் டாக்டர்.

எப்படிப் பார்த்தாலும் என் வேலை போயிற்று. நாலு வருடம் இந்தக் கட்டடத்தைப் பிள்ளையைப்போலப் பார்த்துக்கொண்டேன் அத்தான். ஒருநாள்கூட நன்றாகச் செய்தாய் என்று நீங்கள் சொன்னதில்லை. வலிக்கிறது. மூன்று தளத்துக்கும் மூடி ரகத்துக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு, டாக்டரை நீங்களே நேரில் வந்து சமாளியுங்கள். சாவி இத்துடன் வருகிறது.

நீங்கள் நூறாண்டு வாழ்ந்து, மேலும் பல மாடிகள் எழுப்பி, ஒவ்வொரு மாடிக்கும் ஒரு மைத்துனன் வாய்க்க மனமார வாழ்த்தும்,
முன்னாள் மேனேஜர்.

பி.கு.: சாவி இத்துடன் வரவில்லை. கடிதத்தை மடிப்பதற்குள், ஹீட்டர்மேல் நான் காயப்போட்டிருந்த துண்டில் தீப்பிடித்து, ஜன்னல் திரைக்கும் தாவிவிட்டது. எனக்குக் கைகால் ஓடவில்லை. என் தலைக்கு மேலே ஒரே ஒரு குப்பி உடைந்தது. நெருப்பும் அணைந்தது, நானும் குளித்தேன். பக்கத்து ஆடிட்டர் அறையில் ஒரு காகிதம்கூட நனையவில்லை. போன வாரம்வரை அந்தக் குப்பியையும் என் மூடிதான் மறைத்திருந்தது; பிடுங்கவைத்த அதிகாரிக்கு ஒரு கும்பிடு. ஆடிட்டர் இப்போது தொங்கும் மாடலை யாரும் தொடக்கூடாது என்கிறார். தையல்காரர் தனக்கும் அதே வேண்டும் என்று இடம்கூடப் பார்த்துவிட்டார். டாக்டர் இறங்கி வந்து, "மூடிக்குள்ள சாமான் இருக்கா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? எனக்கும் தொங்கறதையே மாட்டுங்க, இல்லன்னா காலி பண்ணிடுவேன்" என்கிறார். ஆகவே சாவி என்னிடமே இருக்கட்டும், மூடி ரகத்துக்கு ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். மேலே எழுத்துகள் கரைந்திருப்பது அந்தத் தண்ணீரால்தான்; நான் அழுதேன் என்று நினைக்க வேண்டாம். அக்கா கேட்டால் மட்டும், அழுதேன் என்றே சொல்லிவையுங்கள்.