இரண்டு வரியத்துக்குக் காணும்

அம்மாக்களில் பல வகை. அடிக்கிற அம்மா உண்டு, அடிப்பேன் அடிப்பேன் என்று சொல்லிக் கடைசிவரை அடிக்காத அம்மா உண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காட்டியே தன் பிள்ளையை வளர்க்கிற அம்மாவும் உண்டு. அவர்களை எல்லாம் அம்மாளாச்சி பார்த்துக்கொள்ளட்டும். இங்கே நான் உங்களுக்குக் காட்ட வந்தது வேறொருவரை. அவருக்குப் பெயர் 'காணும் அம்மா'.

ஏன் அந்தப் பெயர்? பிள்ளைக்கு எதை வாங்கினாலும் அவர் வாயில் வருகிற மந்திரம் ஒன்றுதான்: "இரண்டு வரியத்துக்குக் காணும்." இரண்டு வருடத்துக்குப் போதுமாம். சட்டை என்றாலும் அதுதான், சப்பாத்து என்றாலும் அதுதான். இன்றைக்கு அளவாக இருக்கிற உடுப்பு அவருக்கு உடுப்பே இல்லை. காசைக் கொண்டுபோய்க் கடலில் போடுகிற வேலை அது. அக்கா இரண்டு வருடம் போட வேண்டும், பிறகு தம்பி இரண்டு வருடம் போட வேண்டும், அதற்கும் பிறகு அது குசினிக்குப் போய்ச் சட்டி இறக்குகிற துணியாகப் பல காலம் இருந்து உழைக்க வேண்டும். அதனால்தான் அவர் பிள்ளைகளுக்கு மஞ்சள் நிறமாகப் பார்த்து எடுப்பார். மஞ்சள் பெண்ணுக்கும் ஆகும், பெடியனுக்கும் ஆகும், குசினிக்கும் ஆகும்.

இவரைக் கண்டுபிடிக்க இவரைப் பார்க்க வேண்டியதில்லை. பிள்ளையைப் பாருங்கள். காலையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு நடுவே ஒரு புத்தகப்பை தனியாக நடந்து போகும். குனிந்து பார்த்தால் கீழே இரண்டு கால் தெரியும். அந்தக் கால்களில் இருக்கிற சப்பாத்து முன்னே போகும், பிள்ளை பின்னே போகும். சப்பாத்தின் நுனியில் பஞ்சு அடைத்திருக்கும். அதுவும் புதுப் பஞ்சு என்று நினைத்துவிடாதீர்கள். போன சப்பாத்திலிருந்து எடுத்த பஞ்சு.

கரம்பொன்னில் நிலாந்தினி என்று ஒரு தாய் இருக்கிறாள். இந்த வகைக்கு இவளைவிட நல்ல உதாரணம் தீவுப்பகுதியிலேயே கிடையாது. புருசன் றஜீபனுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு இரும்புக்கடையில் வேலை. விடியப் பஸ் ஏறினால் பொழுதுபட்டுத்தான் வருவான். பிள்ளைகள் இரண்டு. நான் சொல்லப்போகிற கதை நடந்தபோது மூத்தவள் மிதுஷாவுக்கு ஏழு வயது, சின்னவன் சுலக்சனுக்கு நாலு. சுலக்சன் அக்காவின் பழைய சட்டையைப் போட்டால் அது முழங்காலுக்குக் கீழே வரும். உள்ளே காற்சட்டை போட்டிருக்கிறானா இல்லையா என்பது அவனுக்கும் தாய்க்கும் மட்டும் தெரிந்த விசயம்.

நிலாந்தினி யாழ்ப்பாணத்துப் புடைவைக் கடைக்கு மிதுஷாவைக் கூட்டிக்கொண்டு போனால் அங்கே நடப்பது ஒரு சடங்கு. கடையில் நிற்கிற பிள்ளை ஒரு பார்வையில் அளவு பிடித்துச் சரியான சட்டையை எடுத்துப் போடும். நிலாந்தினி அதைத் தொட்டும் பாராமல், இதற்கு அங்காலை உள்ளதைக் காட்டும் என்பாள். அதையும் பார்த்துவிட்டு இன்னும் அங்காலை என்பாள். இப்படி அங்காலை அங்காலை என்று போய், மிதுஷாவின் கை இரண்டும் சட்டைக் கைக்குள் காணாமற் போகிற இடத்தில்தான் அவள் முகத்தில் ஒரு திருப்தி வரும்.

"அக்கா, இது என்ரை அளவு" என்றாள் ஒருமுறை அந்தக் கடைப் பிள்ளை.

"பரவாயில்லைத் தங்கச்சி. வளருற பிள்ளை. இரண்டு வரியத்துக்குக் காணும்."

இந்த நோய் கடல் கடந்தும் போயிருக்கிறது. கனடாவில் இருக்கிற மச்சாள் பிள்ளைகளுக்கு உடுப்பு அனுப்புவதற்கு வயது கேட்டபோது, நிலாந்தினி வளருகிற பிள்ளைதானே என்று இரண்டு வயதைக் கூட்டிச் சொன்னாள். மச்சாளும் கரம்பொன்னில் பிறந்தவர். வளருகிற பிள்ளைதானே என்று அவர் அங்கே இன்னும் இரண்டைக் கூட்டி வாங்கினார். பெட்டியைப் பிரித்தபோது வந்த காற்சட்டையை றஜீபன் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தான். கொஞ்சம்தான் இறுக்கம்.

இத்தோடு முடிந்தால் பரவாயில்லை. காணும் அம்மாவின் சட்டத்துக்கு இரண்டாம் பாகம் ஒன்று இருக்கிறது. பிள்ளை ஒருவழியாக வளர்ந்து உடுப்பு அளவாக வருகிற நேரத்தில், "நல்ல உடுப்பு, நல்ல இடத்துக்குப் போடட்டும்" என்று அதை அலுமாரிக்குள் வைத்துவிடுவார். அந்த நல்ல இடம் வருவதற்குள் பிள்ளை இன்னும் வளர்ந்துவிடும். ஆகவே அந்த உடுப்பு ஒரு காலம் பெரிது, பிறகு ஒரு காலம் சிறிது. அளவாக இருந்த நாளில் அது எங்கே இருந்தது? பூச்சியுருண்டையோடு இருந்தது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் கடைக்கு ஒருமுறை போய், பால்மாப் பக்கற் என்ன விலை என்று கேட்டுவிட்டு வந்து சிரியுங்கள். பிள்ளைகளின் வயிற்றில் நிலாந்தினி ஒருநாளும் மிச்சம் பிடித்தது இல்லை. முட்டை என்றால் ஆளுக்கொன்று முழுதாகப் போகும். மீன் என்றால் நடுத்துண்டு போகும். தலைத்துண்டுதான் தனக்குப் பிடிக்கும் என்று அவள் சொல்லிச் சொல்லி, இப்போது அது உண்மையாகவே பிடித்துப்போயிற்று. தனக்கென்று அவள் எதையும் பெரிதாக வாங்குவதில்லை. சிறிதாகவும் வாங்குவதில்லை. கலியாணத்துக்கு எடுத்த சேலைகளே போகின்றன. சேலைக்கு அளவு வைக்காமல் விட்டவர்களை அம்மாள் ஆசீர்வதிக்கட்டும்.

இனி ஒரு பாவாடைக் கதைக்கு வருகிறேன்.

ஒரு மாரியில் மிதுஷாவுக்கு டெங்குக் காய்ச்சல் வந்து ஆசுபத்திரியில் கிடந்தாள். பிள்ளை கண் திறக்கவில்லை. கட்டிலின் பக்கத்தில் இருந்த நிலாந்தினி கடல் இருந்த பக்கம் திரும்பி நயினாதீவு அம்மாளுக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை எழும்பி நடந்தால் வருகிற ஆனித் தேருக்கு அந்தப் பிள்ளையே தன் தலையில் பாற்செம்பு வைத்து வெளிவீதி சுற்றி வருவாள் என்பதுதான் நேர்த்தி. பிள்ளை எழும்பினாள், நடந்தாள், ஓடவும் தொடங்கினாள். ஆகவே தேரன்றைக்கு அந்தச் செம்பு வாசலில் நிற்கிற ஐயரின் கைக்குப் போகும்வரை கீழே வைபடக்கூடாது, பால் சிந்தக்கூடாது. நிலாந்தினிக்கு அந்த ஆறு மாதமும் வேறு யோசனை இல்லை.

அம்மாளுக்குக் கொடுக்கிறதில் அவள் கணக்குப் பார்க்கிறவள் அல்ல. மினுக்கிய பித்தளைச் செம்பு, விடியக் கறந்த பசுப்பால், கழுத்துவரை நிறைய. எல்லாம் சரி. நேர்த்திக்குப் பட்டுப் பாவாடை எடுக்கப் போனபோதுதான் பழைய குணம் தலையைத் தூக்கிற்று. பட்டு விலை. விலை கொடுத்து எடுக்கிறதை ஒரு தேரோடு விடுகிறதா? மாம்பழ நிறம், அரக்குக் கரை, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அளவு. அடியில் ஒரு சாண் மடித்து ஓட்டுத்தையல் போட்டாள். இடுப்பை மட்டும் தைக்கவில்லை. இரண்டு தரம் தைத்துப் பிரித்தால் பட்டு பழுதாகிவிடுமாம். கொசுவி மடித்து ஒரு சட்டைப்பின் குத்தினாள். அதுவும் புதிது அல்ல. முந்தி எப்போதோ ஒரு புதுச் சட்டையோடு வந்த பின்.

தேரன்று குறிகாட்டுவான் துறையில் குடும்பமாக நயினாதீவுக்கு வள்ளம் ஏறினார்கள். ஏறும்போது எல்லாருக்கும் கொடுக்கிற செம்மஞ்சள் மிதவை அங்கி மிதுஷாவுக்கு முழங்கால்வரை வந்தது. அன்று முழுக்க நிலாந்தினி மனம் நிறைந்து பார்த்த உடுப்பு அதுதான் என்று றஜீபன் பிறகு சொன்னான்.

ஆனி மாதத்தில் எங்கள் பக்கத்தில் சோழகக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெளிவீதியில் பாற்செம்பு எடுக்கிறவர்கள் வரிசையாகப் போக, அவர்களுக்குப் பின்னால் தேர் வர, மிதுஷா செம்பைத் தலையில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி, பாலை நினைத்து நினைத்து அடி வைத்தாள். தெற்கு வீதிக்குத் திரும்பியதும் காற்று அந்தப் பாவாடைக்குள் புகுந்து அதைக் கூடாரமாக்கியது. பழைய பின் எவ்வளவுதான் தாங்கும்?

"அம்மா, போகுது."

"என்ன பிள்ளை போகுது?"

"பாவாடை."

"பிடி."

"எதைப் பிடிக்கிறது? செம்பையோ, பாவாடையையோ?"

நியாயமான கேள்விதானே? பிள்ளைக்கு அம்மாள் கொடுத்தது இரண்டு கை. இரண்டும் செம்பில் இருக்கின்றன. ஒன்றை எடுத்தால் பால் சிந்தும், எடுக்காவிட்டால் பாவாடை விழும். சனத்துக்குள் பிள்ளையின் கண் நிறைந்துவிட்டது. ஆனால் செம்பு அசையவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை, தலையில் தன் உயிருக்கு நேர்ந்த பாலை வைத்துக்கொண்டு, அசையாமல் நின்றாள்.

நிலாந்தினி பாய்ந்து குனிந்து பாவாடையை இடுப்போடு இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்தாள். பின்னைத் தேடக் கை இல்லை, நிமிரவும் வழி இல்லை. பிள்ளை நடக்க நடக்க அவளும் பின்னாலே குனிந்தபடி, முழங்கால் மடித்து, தாரா வாத்து நடக்கிற மாதிரி வெளிவீதி முழுக்க நடந்தாள். பக்கத்தில் கற்பூரச் சட்டியோடு வந்த இலட்சுமிப்பிள்ளை அக்கா, நிலாந்தினியின் வேலிக்கு அடுத்த வீட்டுக்காரி, வாய் சும்மா இருக்கமாட்டாதவர், நல்ல குடும்ப நேர்த்தி என்றார்.

"பிள்ளை பால் தூக்குது, தாய் பாவாடை தூக்குது."

அந்த நேரம் பார்த்துத் தேர் மூலையில் திரும்பியது. அம்மாளின் முகம் தெரிந்தது. அரோகரா என்று அவ்வளவு சனத்தின் கைகளும் தலைக்கு மேலே போயின. ஆசுபத்திரிக் கட்டிலருகே இருந்து இந்த ஒரு காட்சிக்காகக் காத்திருந்த நிலாந்தினியின் கைகள் மட்டும் மேலே போகவில்லை. கழுத்தை மாத்திரம் திருப்பி, ஆட்களின் முழங்கைகளுக்கு இடையால் எட்டிப் பார்த்தாள். உதடு ஏதோ முணுமுணுத்தது. அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த தரிசனம்.

ஆனால் வாசலில் ஐயர் செம்பை வாங்கியபோது ஒரு துளி சிந்தியிருக்கவில்லை.

திரும்பி வரும்போது மிதுஷா அந்தப் பெரிய அங்கிக்குள் நித்திரையாகிவிட்டாள். மடியில் சின்னவனை வைத்திருந்த றஜீபன் மெல்லச் சொன்னான்.

"இவ்வளவு தூரம் வந்தும் அம்மாளை நீர் கும்பிடேல்லை."

"ஏன், வாயாலை கும்பிட்டனான்தானே."

"என்ன கேட்டனீர்?"

நிலாந்தினி பாவாடையைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள்.

"பிள்ளை கெதியா வளரோணும் எண்டு கேட்டனான்."

வீட்டுக்கு வந்து பாவாடையைக் கழுவி, நிழலில் காயவிட்டு, மடித்து அலுமாரியில் வைத்தாள். பிள்ளை விரைவாக வளர்ந்தால் அடுத்த தேருக்குச் சரியாக இருக்கும். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அடுத்த தேருக்கு ஒரு கிழமை இருக்க, மடத்துவெளியில் றஜீபனின் பெரியப்பா மோசம் போனார். குடும்பத்துக்குச் செத்தவீட்டுத் துடக்கு; தீட்டோடு கோவில் வாசல் மிதிக்க ஏலாது. அவர் நல்ல மனிதர், வாழ்ந்த காலத்தில் ஒருவருக்கும் ஒரு கரைச்சலும் கொடுக்காதவர். கடைசியில் ஒரு பாவாடைக்கு இப்படிச் செய்வார் என்று யார் நினைத்தது?

அதற்கடுத்த ஆனியில் அலுமாரியைத் திறந்து பாவாடையை எடுத்து, அடிமடிப்பைப் பிரித்து நீட்டி மிதுஷாவுக்கு உடுத்திவிட்டாள். கணுக்காலுக்கு மேலே நின்றது. இடுப்புக் கொளுக்கி கொளுவவில்லை. மிதுஷா வயிற்றை எக்கிப் பார்த்தாள், மூச்சைப் பிடித்துப் பார்த்தாள், பிறகு சிரித்துக்கொண்டு ஓடிவிட்டாள். நிலாந்தினி பட்டைக் கையில் வைத்துக்கொண்டு அலுமாரிக்கு முன்னாலே நின்றாள். கரைகூட மங்கவில்லை. அவள் அப்போது அழுதாள் என்று நான் சொல்லவில்லை. சுவாமிப்படம் இருந்த பக்கம் திரும்பி, அடுத்த அறைக்குக் கேளாமல் சொன்னது மட்டும் தெரியும்.

"வளரோணும் எண்டுதான் கேட்டனான், அம்மாளே. இவ்வளவு கெதியா எண்டு கேட்கேல்லை."

அந்தக் கிழமை அதே புடைவைக் கடை, அதே கடைப் பிள்ளை. நிலாந்தினியைக் கண்டதும், அவள் கேட்குமுன்னரே, அந்தப் பிள்ளை பெரிய அளவுகள் இருந்த தட்டுக்குக் கையை நீட்டியது. மிதுஷா தன் அளவுப் பாவாடை ஒன்றை உடுத்திக் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். பாவாடை அசையாமல் நின்றது. கும்பிட்டபடியே தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதுக்கு அங்காலை உள்ளதை எடுக்கட்டோ அக்கா?" என்றாள் கடைப் பிள்ளை.

"வேண்டாம் தங்கச்சி" என்றாள் நிலாந்தினி. "இந்த வரியத்துக்குக் காணும்."

ஆகா, திருந்திவிட்டாள் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். இறங்கி வருகிற வழியில் சுலக்சனுக்குச் சப்பாத்து வாங்கினாள். அவன் அதற்குள் நின்று ஒருமுறை முழுதாகத் திரும்பிப் பார்த்தான், சப்பாத்து திரும்பவில்லை.

சரி, நிலாந்தினியை விடுங்கள். உங்கள் அலுமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். விலைச்சீட்டு பிடுங்காத சட்டை ஒன்று, வருகிறவர்களுக்கு என்று வைத்து ஒருவருக்கும் கொடுக்காத கோப்பைகள், பெட்டியைவிட்டு இறங்காத, தலை துடைக்கிற துவாய். இருக்கிறதா? இல்லை என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் இந்தத் தாளை வாசித்து முடித்த கையோடு, அலுமாரித் தட்டுக்கு விரிக்க நல்ல கெட்டித் தாள் என்று ஓரம் பார்த்து மடிக்கிறீர்களே, அது என்ன?

மடியுங்கள், மடியுங்கள். இரண்டு வரியத்துக்குக் காணும்.