டோக்கன் நம்பர் நாற்பத்தேழு

நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்பதை யாருடைய தயவும் இல்லாமல் நானே நிரூபிப்பேன் என்று நவம்பர் முதல் தேதி சபதம் செய்தேன். இதில் என்ன பெரிய சபதம் என்று கேட்பீர்கள். அப்படியானால் நீங்கள் இன்னும் ரிட்டையர் ஆகவில்லை.

என் பெயர் அய்யாத்துரை. சங்கரன்கோவில் ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டருக்குள் முப்பத்துநாலு வருஷம் உட்கார்ந்தவன். பென்ஷன்காரர்கள் வருஷா வருஷம் நவம்பருக்குள் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். அரசாங்கத்தைப் பொறுத்தவரை ஆள் அவுட். இப்போது அதை போனிலேயே கொடுக்கலாமாம். முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டினால் போதுமாம்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டு தீபாவளிக்கு முன்பே காலேஜ் பிள்ளைகள் எங்கள் தெருவுக்கு வந்திருந்தார்கள். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. போன் தெரியாதவர்களுக்குச் சும்மாவே சொல்லித் தருகிற இளைஞர் தொண்டர்கள். ரிஸானா என்ற பெண் தலைவி.

"சார், ஒங்க வீட்ல ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரியாதவங்க யாரும் இருக்காங்களா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எனக்கும் தெரியாது என்பது வேறு விஷயம்.

"இவதான்," என்று என் மனைவி ஆவுடையம்மாளைக் காட்டினேன். "பச்சையை அமுக்குனா பேச்சு, சிவப்பை அமுக்குனா போச்சு. அம்புட்டுத்தான் தெரியும். எழுதிக்கோம்மா."

ஆவுடையம்மாள் ரிஸானாவின் நோட்டை வாங்கித் தன் பெயரைத் தானே எழுதிக் கொடுத்தாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம் ஆகியும் அந்த அறிவு எனக்கு வரவில்லை. மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம், "கோயிலுக்குப் போயிட்டு வாரேன்," என்று கிளம்பினாள். என் ஆயுசுக்காக வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்து உருகிப்போனேன்.

நான் என் சபதத்தில் இறங்கினேன். அதற்கான ஆப்பை ரகசியமாக இறக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் முகத்தைக் காட்டினேன். 'கண்ணைச் சிமிட்டவும்' என்றது. இடது கண்ணைச் சிமிட்டினேன். மறுபடியும் அதையே சொன்னது. வலது கண்ணைச் சிமிட்டினேன். மூன்று நாள் மாற்றி மாற்றிச் சிமிட்டினேன். எதிர் மாடியில் ஹெலன் டீச்சர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. சத்தியமாகக் கவனிக்கவில்லை. நாலாம் நாள் அவர் நேராக எங்கள் அடுப்படிக்கே வந்துவிட்டார்.

"ஆவுடையக்கா, அண்ணாச்சி தெனமும் என்னையப் பாத்துக் கண்ணடிக்கிறாவ."

நான் கதவுக்குப் பின்னால் ஒடுங்கி நின்றேன். கரண்டி பறக்கும் என்று எதிர்பார்த்தேன். ஆவுடையம்மாள் நிதானமாகக் கேட்டாள்.

"எந்தக் கண்ணை?"

"ரெண்டையும் மாத்தி மாத்தி."

"அதான் ஏறலை. ரெண்டையும் சேத்துல்லா சிமிட்டணும்."

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. கரண்டி பயத்தில் எனக்கும் அது உறைக்கவில்லை; அதற்கப்புறம் மாடிப் பக்கமே போகவில்லை.

இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம், மூடப்போகிற நேரத்தில், வேறு வழியில்லாமல் பேங்குக்குப் போனேன். அங்கே விரல் ரேகை கேட்டார்கள். முப்பத்துநாலு வருஷம் டிக்கெட் கிழித்துக் கொடுத்த விரலில் ரேகை எங்கே இருக்கிறது? பத்து விரலையும் வைத்துப் பார்த்தும் மெஷின் என்னை மனுஷனாகவே மதிக்கவில்லை.

"இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு சார்," என்றார் அங்கிருந்தவர். "கோயில் பக்கத்து மண்டபத்துல காலேஜ் பிள்ளைங்க கேம்ப் போட்டிருக்காங்க. முகத்தை வச்சே முடிச்சுக் குடுத்துருவாங்க."

சபதம் போனால் போகட்டும், உயிர் முக்கியம். மண்டபத்துக்கு ஓடினேன். வாசுதேவநல்லூர், ராயகிரியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். ரிஸானா சிரித்துக்கொண்டே ஒரு டோக்கன் கொடுத்தாள். நாற்பத்தேழு. எனக்குப் பின்னால் என்னோடு வேலை பார்த்த கேட் கீப்பர் தங்கப்பழம் கமுக்கமாகச் சிரித்தபடி நின்றார்.

"கவலைப்படாதீரும் வே. மேசையில ஒரு அம்மா இருக்காவ. கெட்டிக்காரி. எங்க மதினிக்கு அரை நிமிசத்துல முடிச்சுட்டாவ."

எட்டிப் பார்த்தேன். சேலைக்கு மேல் நீலச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஆவுடையம்மாள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மேசைக்குப் போனேன்.

"ஏட்டி, நீயா? கோயிலுக்குன்னுல்லா சொன்ன?"

"சாமி கும்பிட்டுட்டுத்தான் இங்கன வாரேன். நீங்கதானே என் பேரைச் சொன்னீய? கத்துக்கிட்டேன், இப்ப நானே சொல்லிக் குடுக்கேன். டோக்கன் நம்பர் என்ன?"

"நாப்பத்தேழு."

"இப்ப முப்பத்தொண்ணுதான் ஓடுது. வரிசையில நில்லுங்க."

"நான் ஒன் புருசன்!"

"இந்த வரிசையில பாதிப்பேரு யாருக்காவது புருசன்தான். அடுத்த ஆள்!"

'அடுத்த ஆள்' என் வார்த்தை. முப்பத்துநாலு வருஷம் ஊரையே அதைச் சொல்லித்தான் விரட்டினேன். திரும்பி வந்து வரிசையில் நின்றேன்.

நின்றபடி பார்த்தேன். ராயகிரிக்காரர் ஒருவருக்கு முகம் ஏறவே இல்லை. பயத்தில் கண் இமைக்காமல் முறைத்துக்கொண்டே இருந்தார். ஆவுடையம்மாள் எழுந்து போய் அவர் நாற்காலியை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். "அண்ணாச்சி, அதைப் போன்னு நெனைக்காதீய. அதுல ஒங்க பேத்தி தெரியுதுன்னு நெனச்சுக்கோங்க," என்றாள். அவர் சிரித்தார். இமைத்தார். ஏறிவிட்டது. பிள்ளைகள் எல்லாரும் கை தட்டினார்கள்.

நான் என் கவுண்டரை விட்டு ஒரு நாளும் யாருக்காகவும் எழுந்ததில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது. பெருமை தாங்காமல் முன்னால் நின்றவர், பின்னால் நின்றவர் எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

"அது யாரு தெரியுமா? என் வீட்டுக்காரி!"

"தெரியும் வே," என்றார் தங்கப்பழம். "ஒமக்குத்தான் லேட்டாத் தெரிஞ்சிருக்கு."

அந்த நேரம் ரிஸானா ஒரு காகிதத்தை நீட்டினாள். "சார், ஆன்ட்டி ஒங்கள்ட்ட கையெழுத்து வாங்கச் சொன்னாங்க." என் மனைவியின் புகழைப் பாடிக்கொண்டே போட்டுக் கொடுத்தேன்.

நாற்பத்தேழு வந்தது. "ரெண்டு கண்ணையும் சேத்து," என்றாள் ஆவுடையம்மாள். சிமிட்டினேன். நான் உயிரோடு இருப்பது உறுதியானது.

வீட்டுக்கு நடக்கும்போது சொன்னாள், "நாளைக்கு வெள்ளன எந்திரிங்க. ஸ்டேஷனுக்குப் போணும்."

"யாரு வாரா?"

"யாரும் வரலை. நீங்கதான் போறீய. போன்ல டிக்கெட் எடுக்க சனங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும். தொண்டரா சேருதேன்னு கையெழுத்துப் போட்டுட்டீயல்லா?"

படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று ரிசர்வேஷன் ஃபாரம் நீட்டிய அத்தனை பேருக்கும் பாடம் எடுத்தவன் நான். அதுவும் போனில் டிக்கெட்! என் கவுண்டர் கூட்டத்தையே கலைத்த எதிரி அது.

"நான் மாட்டேன்."

"ரயிலைப் பத்தித் தெரிஞ்ச ஆள் வேணும்னு அந்த ரிஸானாப் பிள்ளை அலைஞ்சுது. நம்ம ஊர்ல ஒங்களை விட்டா யாரு இருக்கான்னு நான்தான் சொன்னேன்."

இதற்குப் பிறகு எப்படி மறுப்பது? நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

மறுநாள் காலை நீலச் சட்டையோடு ஸ்டேஷனில் நின்றேன். தொந்தியில் கொஞ்சம் இறுக்கம். அட்டையில் 'அய்யாத்துரை, இளைஞர் தொண்டர்' என்று போட்டிருந்தது. முதல் ஆளாகத் தங்கப்பழமே வந்தார்.

"தென்காசிக்கு ஒரு டிக்கெட். எப்படின்னு காட்டும் வே."

அங்கே தொட்டேன். இங்கே தொட்டேன். போன் என்னிடம் என்னவோ கேட்டது. தூரத்தில் ரயில் ஹாரன் அடித்தது. "ஒரு நிமிசம்" என்று தூணுக்குப் பின்னால் ஒதுங்கி வீட்டுக்கு போன் போட்டேன்.

"ஏட்டி ஆவுடை, ஒரு சின்ன சந்தேகம்..."

"டோக்கன் நம்பர் என்ன?" என்றாள்.