நாளைக்குக் கபூல்

வெல்டிங் கடைக்காரன் எவனும் "இன்னிக்கு" என்று சொல்ல மாட்டான். நானும்தான். கேட்டு எப்போ ரெடி? நாளைக்கு. கிரில் எப்போ? நாளைக்கு. பாய், இது என்னோட கேட்டுதானா? (இல்லை. ஆனாலும்) நாளைக்கு.

பூஞ்சேரியில் கடை. கடல் காத்துக்கு இரும்பு நிக்காது. துரு தின்னத் தின்ன எனக்கு வேலை வரும். பேச்சுதான் வராது. படிப்பு எட்டாவதோடு போச்சு. பேச்சு அதுக்கும் முன்னாடியே போச்சு.

திருக்கழுக்குன்றத்துப் பெரியவர் ஒருத்தர் சமையலறை சன்னலுக்கு கிரில் சொல்லியிருந்தார். வருவார். "நாளைக்கு பாய்" என்பேன். போவார். இப்படி வந்து போய்க்கினு இருந்ததில், நான் குடிக்க மாட்டேன், வம்புக்குப் போக மாட்டேன் என்று கண்டுபிடித்துவிட்டார். கிரில் கிடைக்கவில்லை. மகளுக்கு மாப்பிள்ளை கிடைத்துவிட்டான்.

பொண்ணு பேர் மும்தாஜ். மெடிக்கல் ஷாப்பில் வேலை. பார்க்கப் போனபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எங்க வூட்டு கிரில் இன்னாச்சு?"

"நாளைக்கு."

ஒரு பார்வை பார்த்தாள். (அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவுதான் தெரியும்.)

நிக்காஹ் செங்கல்பட்டில், ஒரு மண்டபத்தில். பின்னாடி பிரியாணி தம்மில் இருந்தது. மேடையில் நிக்காஹ் செய்துவைக்கும் ஹஜ்ரத், எதிரில் மாமனார், பக்கத்தில் சாட்சிகள். என் முதுகுக்குப் பின்னால் அக்கா புருஷன் சலீம் மச்சான். பொண்ணு திரைக்கு அந்தப் பக்கம்.

மச்சான் காலையிலிருந்தே பாடம் நடத்தினார்.

"ஹஜ்ரத் கேப்பாரு. கபூல் செய்துகொண்டேன்னு சொல்லணும். ஏத்துக்கினேன்னு அர்த்தம். அவ்ளோதாண்டா."

"ம்."

"ம் இல்லடா. வாயத் தொற."

ஹஜ்ரத் பொண்ணு பேரைச் சொன்னார். மஹரைச் சொன்னார். (நான் அவளுக்குக் கொடுக்கும் வளையல். அவளுக்கே சொந்தம்.) "கபூல் செய்துகொண்டீர்களா?" என்று மைக்கை என் வாய்க்கு நேரே பிடித்தார்.

நிமிர்ந்தேன். எதிரில் மாமனார் முகம். அந்த முகத்தைப் பார்த்தால் என் வாய்க்கு ஒன்றுதான் பழக்கம்.

"நாளைக்கு முடிச்சுடலாம் பாய்."

நாலு ஸ்பீக்கரும் சொல்லின.

"பேஜாரு புடிச்சவனே" என்றார் மச்சான், என் காதுக்குள்.

ஹஜ்ரத் சிரிக்கவில்லை. "தம்பி, நிக்காஹ்ங்கறது ஒப்பந்தம். செய்றேன், செய்வேன்னா அது வெறும் பேச்சு. செய்துகொண்டேன்னு முடிஞ்சாப்ல சொன்னாத்தான் செல்லும். இன்னொரு தரம் சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். அதுக்குள் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"கொஞ்சம் இருங்க ஹஜ்ரத். எனக்கு ஒரு நிபந்தனை இருக்கு."

"மும்தாஜ், சும்மா இரும்மா" என்றார் மாமனார்.

"அது எதுக்கு சும்மா இருக்கணும்?" என்றார் ஹஜ்ரத். "ஒப்பந்தம் ரெண்டு பேருக்கும்தான். யாருக்கு இன்னா வேணும்னு இப்பவே பேசிக்கத்தான் இது. அப்புறம் ஆளுக்கொரு பக்கம் மூஞ்சத் தூக்கிக்கினு திரிய வேணாம் பாரு. சொல்லும்மா."

"எங்கிட்ட அவரு நாளைக்குன்னு சொல்லக் கூடாது. முடியும்னா செய்யட்டும். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லட்டும். கிரில் இல்லாத சன்னல் வழியா எங்க வூட்டுக்குள்ள ஒரு பூனை வந்து குடும்பம் நடத்துது. என்னால அப்பிடி காத்துக்கினே குடும்பம் நடத்த முடியாது."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"இதுக்கு ஒத்துக்கலன்னா எனக்குச் சம்மதம் இல்ல."

சிரிப்பு நின்றது. எனக்கு வேர்த்தது. பட்டறையில்கூட அப்படி வேர்த்ததில்லை. அந்தப் பொண்ணு போய்விடுவாள் என்று அப்போதுதான் உறைத்தது. போகக் கூடாது என்றும் அப்போதுதான் தெரிந்தது.

தலையாட்டினேன்.

"வாயால" என்றார் ஹஜ்ரத்.

"சரி."

"அப்ப இத கேளுங்க" என்றது திரை. "இன்னிக்கு சாயங்காலம் கிரில் மாட்டிடுவாரா?"

மச்சான் இடுப்பில் கிள்ளினார். "மாட்டிடுவேன்னு சொல்லுடா! சொல்லித் தொலை!" மாமனார் கண்ணாலேயே கெஞ்சினார். நான் யோசித்தேன். கம்பியே இன்னும் வாங்கவில்லை. (அதையும் நாளைக்குத்தான் வாங்குவதாக இருந்தேன்.)

"முடியாது" என்றேன்.

மண்டபமே ஐயோ என்றது. அம்மா நின்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். பிரியாணி அண்டாவைத் திறக்கப் போன சமையல் பண்டாரி திரும்ப மூடினார்.

திரைக்குப் பின்னால் தும்மல் மாதிரி ஒரு சத்தம். அப்புறம்தான் தெரிந்தது, சிரிப்பு. அடக்கி அடக்கி, முடியாமல் உடைந்துபோன சிரிப்பு.

"சம்மதம் ஹஜ்ரத். எழுதிக்குங்க."

நிக்காஹ் பதிகிற தஃப்தரில் ஹஜ்ரத் அவள் நிபந்தனையையும் எழுதினார். திரும்ப மைக் வந்தது.

"கபூல் செய்துகொண்டேன்!"

மைக் கீச்சென்று அலறியது. அவ்வளவு சத்தமாக நான் அதுக்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை.

கிரில்லை மறுவாரம் மாட்டினேன். (பூனையை உள்ளே வைத்தே மாட்டிவிட்டேன். அவிழ்த்து மறுபடி மாட்டினேன்.)

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதிர்காலமே கிடையாது. கேட்க ஒரு மாதிரி இருக்கும். நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். பால் வாங்கி வரச் சொன்னால் "வாங்கிட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைத் தேடுவேன். இல்லையென்றால் "முடியாது". இந்த ரெண்டு பதில்தான் செல்லும். எனக்கும் சௌகரியம். பேச்சு மிச்சம்.

மகள் இதைக் கேட்டே வளர்ந்தாள். போன மாசம் ஸ்கூலில் மிஸ் கேட்டிருக்கிறார்கள். "பெரிசானதும் என்ன ஆகப் போற?"

"டாக்டர் ஆயிட்டேன் மிஸ்."

"அப்படியா! எனக்குக் காய்ச்சலா இருக்கு, ஒரு ஊசி போடுங்க டாக்டர்."

"முடியாது."

மிஸ் போன் போட்டு, பிள்ளை எதிர்த்துப் பேசுகிறது என்றார்கள். மும்தாஜ் பொறுமையாகக் கேட்டாள்.

"இல்ல மிஸ்" என்றாள். "அவ ஒப்பந்தப்படிதான் பேசியிருக்கா."