கொழுவல் நானாவும் குட்டி அம்பும்

உலகத்தில் எந்த இரண்டு பொருளையும் ஒன்றோடொன்று இணைத்து, இரண்டையும் ஒரே பின்னேரத்தில் பாழாக்கக்கூடிய மனிதர் ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் குறிஞ்சிப்பிட்டியில், எங்கள் ஒழுங்கையில், என் வீட்டுக்கு மூன்றாம் வீட்டில் குடியிருந்தது என் தலைவிதி.

அவரைக் கொழுவல் நானா என்போம். உம்மா வாப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை. எங்கள் பேச்சில் கொழுவுவது என்றால் இணைப்பது. சண்டை பிடிப்பதும் அதே கொழுவல்தான். ஒரு சொல் இரண்டு வேலை பார்ப்பது அவருக்கு வசதியாகப் போயிற்று. மன்னாரில் ரேடியோ திருத்தியவர். யுத்தத்தின் நடுவில், தொண்ணூறில், முஸ்லிம்களான எங்களையெல்லாம் ஊரை விட்டுத் துரத்தியபோது மற்றவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட, இவர் கம்பி வெட்டும் குறடு ஒன்றையும் ஒரு சுருள் வயரையும் தூக்கிக்கொண்டு குறிஞ்சிப்பிட்டிக்கு வந்தார்.

ஒழுங்கையின் இந்தப் பக்கம் ஓர் அக்கா வீடு, அந்தப் பக்கம் அவளுடைய தங்கச்சி வீடு. ஒட்டிப் பிறந்த மாதிரி இருந்தார்கள். “நடந்து போய்க் கதைக்கிறதெல்லாம் பழைய காலம்” என்று நானா இரண்டு வீட்டிலும் பேசும் பெட்டி வைத்து நடுவில் வயர் இழுத்தார். நிறுத்துகிற சுவிட்ச் வைக்க மறந்துவிட்டார். அக்கா வீட்டில் தங்கச்சியைப் பற்றிக் கதைத்ததெல்லாம் தங்கச்சி வீட்டுக் குசினியில் தெளிவாகக் கேட்டது. நாலாம் நாள் இருவரும் நடு ஒழுங்கையில் கொழுவிக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ பெருநாள் வந்து போனது, ஒரு வட்டிலப்பம்கூட ஒழுங்கையைக் கடக்கவில்லை.

“நான் வயரைத்தானே கொழுவினன்?” என்றார் நானா, மெய்யாகவே விளங்காமல்.

இப்படிப்பட்டவரிடம் நான் ஏன் போனேன் என்று கேட்பீர்கள். வேறு ஆள் இல்லை, அதுதான் காரணம்.

யுத்தம் முடிந்து, ஊருக்குத் திரும்பலாம் என்ற கதை அடிபட்ட நேரம். யார் எந்த வீட்டில் இருந்தார், எந்த வீட்டுக்கு எது அடுத்த வீடு என்று எங்கள் பழைய ஊரின் பட்டியலை அரசாங்கக் கந்தோரில் கேட்டார்கள். நான் இரண்டு வருடம் சைக்கிளில் அலைந்து, கனமூலை வரை போய், நினைவு தப்பாத பெரியவர்களைத் தேடிப் பிடித்து எழுதினேன். அதையெல்லாம் வீட்டுக் கணினியில் தட்டி வைத்தேன். பிரின்ட் எடுப்பதை நாளை நாளை என்று தள்ளினேன். எழுதிய கொப்பிகளைக் கறையான் தின்றது. சொன்னவர்களில் பாதிப் பேர் மௌத்தாகிவிட்டார்கள். ஊர் இப்போது அந்த ஒரு பெட்டிக்குள்தான் இருந்தது. பெட்டியோ கடற்காற்றில் துருப்பிடித்து, சீடி போடும் இடமும் பென் டிரைவ் செருகும் ஓட்டையும் செத்து, கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை மயங்கி விழுந்தது.

அந்த நேரம் பார்த்து மச்சான் கட்டாரிலிருந்து புதுக் கணினி ஒன்று கொண்டுவந்தான்.

“பழையதைக் கழட்டி டிஸ்கை எடுக்கேலாதா நானா?”

“உசிரோட இரிக்கிற ஆளுட நெஞ்சைப் பிளக்கச் சொல்றீங்களா தம்பி? வயர் கொழுவுவம்.”

கடையில் விற்கும் வயர் சரிவராது என்று தானே ஒன்று செய்தார். உள்ளே எட்டு நூல். ஒரு பக்கத்தில் சிலதை இடம் மாற்றிப் பூட்ட வேண்டுமாம். “இவன்ட வாய் அவன்ட காதில படணும் தம்பி. நேராப் போட்டா வாயும் வாயும்தான் முட்டும்.” அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே சரியான விஷயம் அதுதான். சொல்லிவிட்டு நேராகப் போட்டார். அறுத்து மறுபடி போட்டார்.

பிறகு இரண்டு பெட்டிக்கும் விலாசம் கொடுக்க வேண்டும் என்றார். இரண்டுக்கும் ஒரே விலாசத்தைக் கொடுத்தார். “ஒரே வீட்டில ஒத்துமையா இரிக்கட்டுமே.” திரையில் ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. வாசித்துப் பார்த்தேன்: விலாசத்தில் கொழுவல் என்றது.

கடைசியில் இணைந்தது. நானா எலியைப் பிடித்து, பழையதிலிருந்த பட்டியலைப் புதியதற்கு இழுத்து வைத்தார். திரையில் அதன் படம் வந்து குந்தியது. மூலையில் ஒரு குட்டி அம்புக்குறி.

“இதென்ன அம்பு?”

“வந்து சேந்திட்டன் எண்டு சொல்லுது.”

திறந்தோம். திறந்தது! முதல் ஒழுங்கை, இரண்டாம் ஒழுங்கை, பள்ளியடி, கிணற்றடி, எல்லாப் பெயரும் இருந்தன. என் வீட்டுக்காரி பிளேன்டீயும் சீனியும் கொண்டுவந்து வைத்தாள். “இனிப் பழையதைத் துடைச்சுப் புதுசா ஏத்திப் பாப்பம், உசிர் வரும்” என்றார் நானா. நான்தான் தலையாட்டினேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, இரண்டு தரம் ஆட்டினேன்.

அடுத்த நாள் அம்பு போட்ட படத்தைத் தட்டினேன். அப்படி ஒன்று இல்லை என்றது. அம்பு என்றால் பட்டியல் அல்லவாம், பட்டியல் பழைய பெட்டியில் இருக்கிறது என்று காட்டும் வழி மட்டும்தானாம். வயர் இருந்தவரை அங்கே போய்த்தான் திறந்திருக்கிறது. அந்தப் பெட்டியைத்தான் நாங்கள் துடைத்திருந்தோம்.

நானாவைக் கூப்பிட்டு, ஒழுங்கை முழுக்கக் கேட்கத் திட்டினேன். இப்போது எழுதக் கூசுகிற சொற்களெல்லாம் சொன்னேன். மனிதர் கதிரையில் உட்காரவும் இல்லை.

“அப்ப தம்பி, ஊரை ரெண்டாம் தரம் துலைச்சது நாந்தானா?”

“ஓம்” என்றேன்.

மாதக் கணக்கில் அவரைக் காணவில்லை. ஒரு நாள் வந்து ஒரு கொப்பியை நீட்டினார். திரும்பவும் எல்லா இடமும் அலைந்திருக்கிறார், சொல்ல ஆட்கள் இல்லை. ஆகவே தன் தலையிலிருந்ததை எழுதியிருந்தார். பெயர்கள் அவருக்கு ஞாபகமில்லை. ரேடியோக்கள் ஞாபகமிருந்தன. ‘பள்ளியடி மூணாம் வீடு: கார் பெட்டரியில டீவி கொழுவினது.’ ‘அடுத்த வீடு: ரேடியோவில ஒரு காதுதான் கேக்கும். பெரியவருக்கும் அப்பிடித்தான்.’ இப்படியே ஊர் முழுக்க, வரிசை தப்பாமல்.

கந்தோருக்குக் கொண்டுபோனேன். “இதில ஆக்களே இல்லையே, ரேடியோதானே இரிக்கு” என்று அந்த ஐயா திருப்பித் தந்தார். அவர் மேல் பிழை சொல்லவும் முடியாது. பட்டியல் இல்லாமலே எங்கள் விண்ணப்பம் போனது, போன இடத்திலேயே கிடக்கிறது. நானாவும் மௌத்தாகி, குறிஞ்சிப்பிட்டி மையவாடியிலேயே அடங்கிவிட்டார்.

அந்தக் கொப்பியில் என் வாப்பாவின் வீட்டையும் எழுதியிருந்தார். ‘ரேடியோ கரகரத்தது. வெள்ளிக்கிழமை வந்து பாக்கிறன் எண்டு சொன்னன். அதுக்குள்ள ஊரை விட்டு வந்திட்டம். இன்னும் போகல்ல.’ இருபது வருடம் தாண்டியும் என் வாப்பாவுக்குக் கொடுத்த வாக்கைச் சுமந்து திரிந்த அந்த மனிதரிடம், கோபம் போய்விட்டது நானா, உட்காருங்கள் என்று நான் ஒரு தரம்கூடச் சொல்லவில்லை.